பூஜ்யம் வர வேண்டிய மூச்சு

ஃப்ளஷ் டேங்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். பால் வாங்கக் கீழே போன கணவன் படியேறி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

தண்ணீர். மிதவைப் பந்து. துருப்பிடித்த கம்பி. பாலிதீனில் சுற்றிய பாக்கெட் எதுவும் தட்டுப்படவில்லை.

சிகரெட்டை ஒளித்து வைக்கிறவர்களின் புத்தி அவளுக்கு அத்துப்படி. நகரச் சுகாதார அலுவலகத்தில், புகை பிடிப்பவர்களை அதிலிருந்து மீட்கும் ஆலோசகர் வேலை. ஹெல்மெட்டின் பஞ்சுக்குள், பழைய ஷூவின் மூக்குக்குள், அரிசி டின்னின் அடியில் என்று எங்கெங்கோ ஒளித்தவர்களெல்லாம் அவளிடம் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சொந்தப் புருஷனிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

ஸ்டூலில் எக்கி, சுவரில் மாட்டியிருந்த கேஸ் கீஸரின் தலையைத் தடவினாள். தூசி. அதற்கும் மேலே, சுவரின் அகலத்துக்கு வென்டிலேட்டர். அதன் கண்ணாடிப் பட்டைகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. முன்பு கீழ்வீட்டுக்காரர் விடும் புகையெல்லாம் அந்த வழியாகத்தான் வந்து பட்டைகளை மஞ்சளாக்கும். அவர்மேல் புகார் கொடுத்து, அபராதம் போட வைத்து, நிறுத்தியவள் அவள். கீழ்வீட்டை நிறுத்தியாயிற்று, மேல்வீட்டை விட்டுவிட்டாயே என்று யாரோ காதோரம் நக்கலடிப்பது போல் இருந்தது.

தலை விண்விண்ணென்று தெறித்தது. இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. அதனால்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குளித்த ஈரம் காயாத கூந்தலை முடிந்தபடி ஸ்டூலைவிட்டு இறங்கினாள்.

இந்தத் தேடலுக்குக் காரணம் நேற்றைய முகாம். சந்தை வாசலில் அவளும் கூட வேலை பார்க்கும் சுகாதார இன்ஸ்பெக்டர் அண்ணனும் மேஜை போட்டு, ஊதும் கருவியை வைத்து, போகிற வருகிறவர்களை ஊத வைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு அடக்கமான கருவி. மூச்சைப் பிடித்து ஊதினால், மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண் காட்டும். சிகரெட் புகையில் இருக்கிற விஷ வாயு அது. புகைக்காதவருக்கு ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் மூன்றோ வரும். பத்தைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. அந்த விளக்குக்கு முன்னால் பொய் எடுபடாது.

அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தான் கணவன். கண்ணாடி வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடையில் வேலை. எப்போதும் சட்டையில் கண்ணாடித் தூள் மின்னும், வாயில் ஒரு கிண்டல் மின்னும்.

"மாப்ள, வந்ததுக்கு ஒரு ஊது ஊதிட்டுப் போங்க. ஆலோசகர் வீட்டு ஆளுன்னு நாலு பேருக்குக் காட்டணும்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஊதிட்டாப் போச்சு. பிறந்தநாள் கேக் இருக்கா?" என்று சிரித்தபடி ஊதினான்.

முப்பத்தொன்று. சிவப்பு.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

போன வருஷம்தான் அவனுக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட். "இனிமே ஒரு சிகரெட் பத்த வச்சாலும் நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் உயர்த்திய விரல் அவள் கண்ணைவிட்டு இன்னும் இறங்கவில்லை. ஒன்று பற்ற வைத்தால் முப்பத்தொன்று வராது. ஒரு பாக்கெட்டே காலியாகியிருக்க வேண்டும். இவன் சாவை நோக்கி நடக்கிறான், அதுவும் என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நடக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பூட்டு திறக்கும் சத்தம். ஸ்டூலை நகர்த்தக்கூட நேரமில்லை.

கணவன் குளியலறை வாசலில் நின்றான். ஸ்டூலைப் பார்த்தான். மூடி திறந்த டேங்கைப் பார்த்தான். அவள் முழங்கையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தான்.

"மீன் கிடைச்சுதா ஆபீசரம்மா?"

"விளையாடாதீங்க. எங்க வச்சிருக்கீங்க?"

"எதை?"

"என் வாயால வேற சொல்லணுமா?"

பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் எதிரில் நின்றான். கண்களைச் சுற்றிக் கருவளையம். இப்போதெல்லாம் காலையில் தலைவலி என்கிறான். நேற்று முன்தினம் குளித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தான். இதெல்லாம் எதன் அறிகுறி என்று யோசிக்கவே அவள் விரும்பவில்லை.

"சத்தியமா நான் தொடலம்மா. அந்த மெஷின் என்ன சொல்லுச்சோ, ஏன் சொல்லுச்சோ எனக்குத் தெரியாது."

"இந்தச் சத்தியத்தை ஆயிரம் பேர்கிட்ட கேட்டிருக்கேன். எல்லாரும் இதே முகத்தோடதான் சொல்வாங்க."

"நான் ஆயிரத்தொண்ணா உனக்கு?"

"பாத்ரூமுக்குள்ள போனா அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிறீங்களே, உள்ள என்ன நடக்குது?"

"குளிக்கிறேன்! நெஞ்சுல கம்பி வச்சதுலேர்ந்து பச்சைத் தண்ணி ஊத்திக்கவே பயமா இருக்கு. சுடுதண்ணியில நின்னா இதமா இருக்கு. அதுக்கும் உங்க ஆபீஸ்ல அனுமதி வாங்கணுமா?"

அவன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"இனிமே எங்கிட்டப் பேச வேணாம். தினமும் ஊதிக் காட்டுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள்.

சாத்திய கதவுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "குளிச்சிட்டுக் கடைக்குப் போறேன். சாயங்காலம் வந்து எவ்ளோ வேணாலும் ஊதறேன். டப்பாவை மறந்துட்டியே!"

அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

---

அன்றைய முகாம் பேருந்துப் பணிமனையில். டீசல் வாடை, கிரீஸ் பிசுக்கு, தூக்கி நிறுத்திய ஒரு பஸ்ஸின் வயிற்றுக்கடியில் யாரோ சுத்தியால் தட்டும் சத்தம். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அவசரம், மீதிப் பேருக்கு வேடிக்கை.

இன்ஸ்பெக்டர் வேனிலிருந்து சாமான்களை இறக்கினார். "தங்கச்சி, பேனர் இன்னும் ஒண்ணு குறையுதும்மா. ரெண்டு மாசமாத் தேடறேன். உன் படம் போட்டது. பெரிசு."

"காத்துல பறந்திருக்கும், விடுங்கண்ணே."

மனம் அதில் இல்லை. மைக்கைப் பிடித்தாள். வழக்கமான கதையைத்தான் தொடங்கினாள். முகாமுக்கு முகாம் அவள் சொல்லும் கதை. சொல்லும்போதெல்லாம் அவளுக்கே தெம்பு தரும் கதை.

"எங்க கீழ்வீட்டுல ஒருத்தர் இருக்கார். ஊரே அவருக்கு வச்ச பேரு என்ஜின். வாயைத் திறந்தா புகைதான் வரும். எங்க வீட்டு பாத்ரூம் ஜன்னல் வழியா அத்தனையும் எங்க மூக்குக்குள்ள. சொன்னேன், கேக்கல. சண்டை போட்டேன், கேக்கல. படிக்கட்டுல பத்த வச்சப்ப அபராதம் போட வச்சேன். அன்னைக்கு நின்னது சார்! ரெண்டு மாசமா ஒரு துளிப் புகை வரல. அவராலேயே முடிஞ்சிருக்குன்னா உங்களால முடியாதா?"

"அந்த என்ஜினுக்கு டீசல் தீந்திருக்கும் மேடம்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். பணிமனையே கொல்லென்று சிரித்தது.

அவள் கருவியைக் கையிலெடுத்தாள். "இப்ப நான் ஊதறேன். புகை பிடிக்காத ஆளு. பூஜ்யம் வரும், இல்ல ஒண்ணு ரெண்டு வரும். பாத்துக்கங்க."

மூச்சை இழுத்துப் பிடித்து, மெல்ல ஊதினாள். திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

யாரும் கைதட்டவில்லை. பிறகு, முன்வரிசையில் இருந்த தொப்பைக்கார ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"மேடம், சிவப்பு விளக்கு எரியுதே! பத்தொம்பது! எந்த பிராண்டு மேடம்?"

"எங்களை நிறுத்தச் சொல்லிட்டு நீங்க பின்பக்கம் போய் இழுக்கறீங்களா?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பத்தொன்பது.

"மெஷின் மக்கர் பண்ணுது" என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. குழாயை மாற்றித் தானே ஊதினார். இரண்டு. சிகரெட்டைத் தொடாதவன் என்று கூட்டமே கைகாட்டிய ஒரு மெக்கானிக்கை இழுத்து வந்து ஊத வைத்தார். மூன்று. "இப்ப நீ ஊதும்மா."

அவள் ஊதினாள். பதினெட்டு.

கூட்டத்தின் சிரிப்பு எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருந்தது. கருவி சரியாகத்தான் இருக்கிறது. அவள் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. அப்படியானால் அந்த வாயு அவள் மூச்சுக்குள் எப்படி வந்தது?

எனக்குப் பத்தொன்பது. அவருக்கு முப்பத்தொன்று. நான் குளித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே வருகிறவள். அவர் அரை மணி நேரம் உள்ளே இருக்கிறவர்.

தலைவலி. குளித்துவிட்டு வந்து எடுத்த வாந்தி.

சிகரெட் எரிந்தாலும் அந்த வாயுதான். கேஸ் அரைகுறையாக எரிந்தாலும் அதே வாயுதான். வாயு எங்கிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் சிகரெட். டேங்குக்குள் கையை விட்டுத் துழாவிய நேரத்தில், கொல்லப் பார்க்கிற கீஸரைத் தடவிப் பார்த்துவிட்டல்லவா இறங்கி வந்தாள்!

'குளிச்சிட்டுக் கடைக்குப் போறேன்.'

மைக் கையிலிருந்து நழுவி 'டொப்' என்று விழுந்தது.

---

அவன் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கடைக்கு அடித்தாள்.

"அண்ணன் இன்னும் வரலியே அக்கா" என்றது ஒரு குரல். "காலையிலேயே வந்துடுவாரு, என்னன்னு தெரியல."

இன்ஸ்பெக்டர் எதுவும் கேட்கவில்லை. வேன் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவரே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் ஆம்புலன்ஸ் வரவேண்டும், வேன் போகவேண்டும், நடுவில் நகரத்தின் காலை நெரிசல் முழுவதும் கிடந்தது. அதற்குள் யார் அந்தக் கதவைத் திறப்பது?

இந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடிய ஆண்பிள்ளை ஒரே ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் வீட்டில் கிடப்பவர். கீழ்வீட்டு என்ஜின்.

அபராதத்துக்குப் பிறகு அவர் திட்டி அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிட்டு அவர் எண்ணைத் தடை செய்து வைத்திருந்தாள். அந்தத் தடையை நீக்கினாள். அடித்தாள்.

"என்ன சுகாதாரம்?" தூக்கக் கலக்கத்தில் கரகரத்தது குரல். "அடுத்த அபராதமா? தூங்கறதுக்கும் உண்டா?"

"அண்ணே, அவர் பாத்ரூம்ல விழுந்து கிடக்கார்னு நெனக்கிறேன். கீஸர் கேஸு. கதவை உடைங்க. கெஞ்சிக் கேக்கறேன், உடைங்க!"

எதிர்முனையில் கட்டில் கிறீச்சிட்டது. கருவிப் பெட்டி தரையில் உரசியது. "லைன்ல இரு" என்றார். அவர் குரலில் இப்போது கரகரப்பு இல்லை.

படியேறும் காலடிகள். கைபேசியைக் காதோடு வைத்து அழுத்தியதில் அவள் காது வலித்தது. வேன் ஒரு சிக்னலில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

"வாசக் கதவு பூட்டியிருக்கு."

"உடைங்கண்ணே!"

இரும்பு மரத்தில் இறங்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. மரம் பிளந்தது.

"உள்ள வந்துட்டேன். தண்ணி ஓடற சத்தம் கேக்குது. தம்பி! ஏய் தம்பி! பதிலே இல்லம்மா."

அவள் அவசரமாகச் சொன்னாள். "ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. முதல்ல சிலிண்டரை மூடுங்க. அப்புறம் மூச்சை நல்லா இழுத்து அடக்கிக்கிட்டு உள்ள போங்க. உள்ள போய் மூச்சு விடாதீங்க. நீங்களும் விழுந்துடுவீங்க! உள்ள போனதும் வென்டிலேட்டரை உடைங்க, அவரை இழுத்துட்டு வெளிய ஓடிவந்துடுங்க."

"மூச்சை அடக்கறதா?" என்றார் அவர். "நானா?"

அந்த 'நானா'வைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் புகையிலேயே வெந்த நுரையீரல். நிறுத்தி இரண்டு மாசம்தான் ஆகிறது. எத்தனை நொடி தாங்கும்?

"முடியுமாண்ணே?"

ஒரு நீண்ட மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. கைபேசியை எங்கோ வைக்கும் சத்தம். அப்புறம் தாழ்ப்பாள் தெறித்தது. கதவு சுவரில் மோதியது. தண்ணீரின் இரைச்சல் பெரிதாகி, நின்றது. கண்ணாடி நொறுங்கியது. ஏதோ கிழிந்தது. ஏதோ தரையில் இழுபட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணே?"

ஒன்றுமில்லை.

"அண்ணே! யாராவது பேசுங்களேன்!"

'டப்பாவை மறந்துட்டியே' என்ற குரல்தான் காதில் ஒலித்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிய அந்தப் படிகள் கண்ணில் வந்தன. அவன் சொன்ன சத்தியத்துக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால்! இன்ஸ்பெக்டர் பிளாட்பாரத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றி, வேனைச் சந்துக்குள் திருப்பினார்.

கைபேசிக்குள் ஒரு இருமல் கேட்டது. கட்டடமே குலுங்குகிற மாதிரி, அவள் எத்தனையோ முறை சபித்த, அந்தப் பாழாய்ப்போன என்ஜின் இருமல். உலகத்தில் அதைவிட இனிய சத்தம் இருக்க முடியாது என்று அப்போது தோன்றியது.

"வெளிய... இழுத்துட்டேன்..." இருமல். "வராந்தாவுல... போட்டிருக்கேன்..."

"மூச்சு இருக்கா?"

இருமல்.

"அண்ணே, அவருக்கு மூச்சு இருக்கா?"

"இரும்மா... என் மூச்சே எனக்குக் கேக்கல..." பிறகு, "இருக்கு. இருக்கு. நெஞ்சு ஏறி இறங்குது."

---

அவள் படியேறி ஓடியபோது ஆம்புலன்ஸ்காரர்கள் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். வராந்தாவில் விரித்திருந்த பெரிய வெள்ளை ஷீட் ஒன்றின்மேல் அவன் கிடந்தான். இடுப்பில் ஈரத்துண்டு, முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. கன்னம் எப்போதும் இல்லாதபடி சிவந்திருந்தது.

மண்டியிட்டு அவன் கையைப் பற்றினாள். சூடு இருந்தது. விரல்கள் மெல்ல அவள் விரல்களைச் சுற்றி மடங்கின. கண்கள் திறந்து, எங்கெங்கோ அலைந்து, அவளிடம் வந்து நின்றன. முகமூடிக்குள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

"சத்தியமா... பிடிக்கலம்மா..."

"தெரியும்" என்றாள். "தெரியும், தெரியும்."

"பொழச்சிட்டார்" என்றார் ஆம்புலன்ஸ்காரர் நாடியைப் பிடித்தபடி. "ஆனா இன்னும் கொஞ்சம் போயிருந்தா கஷ்டம். ஸ்டென்ட் வச்சவர் வேற. உடனே கொண்டுபோகணும். நீங்க பின்னாலேயே வாங்க." ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சர் படியில் இறங்கத் தொடங்கியது.

அவள் பையை எடுக்கத் திரும்பினாள். படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என்ஜின். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை, உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த ரத்தம்.

அவர் எதிரே போய் நின்று கைகூப்பினாள். "உங்களை எவ்வளவோ பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நீங்க சிகரெட்டை விட்டது அவர் உயிரைக் காப்பாத்தியிருக்கு. இல்லேன்னா அந்த மூச்சை அடக்கியிருக்க முடியுமா?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"யாரு விட்டா?"

"நீங்கதான். அபராதம் போட்டதுலேர்ந்து..."

"அபராதத்தைக் கட்டிட்டு வந்ததும் முதல் வேலையா ஒண்ணு பத்த வச்சேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் அதே ஜன்னல்ல நின்னுதான் ஊதறேன். உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு மாசமா எங்க வீட்டுக்குப் புகையே வரலியே!"

"எப்படி வரும்? நீதான் எனக்குப் பாடம் கத்துக்கொடுக்க அங்க மாட்டி வச்சிருக்கேன்னு நெனச்சேன். தினமும் அண்ணாந்து அதைப் பாத்துக்கிட்டேதான் பத்த வைக்கிறேன்." அவர் காலால் அந்த வெள்ளை ஷீட்டின் ஓரத்தைச் சுட்டினார். "வென்டிலேட்டரை உடைக்கச் சொன்னியே? கண்ணாடிக்குப் பின்னால இதுதான் இருந்தது. கிழிச்செடுத்து, அதுலயே தம்பியைப் போட்டு இழுத்துட்டு வந்தேன்."

அவள் குனிந்தாள். ஷீட்டின் ஓரம் நெடுக, கடைவரை, பிசிறில்லாமல் ஒரே சீராக சிலிகான் பசை ஒட்டியிருந்தது. உள்ளே வரும் புகைக்கும் வெளியே போகும் வாயுவுக்கும் இடைவெளி விடாத அந்தச் சீர் அவளுக்குத் தெரியும். வரவேற்பறைக் கண்ணாடியில், மீன்தொட்டியில், சமையலறை அலமாரியில் தினமும் பார்க்கிற கைச்சீர். கீழ்வீட்டோடு அவள் போட்ட சண்டைகளால் நொந்துபோன ஒரு மனிதன், இரண்டு மாதங்களுக்கு முன்னால், ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் ஜெயித்ததாகவே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இழுத்திருக்கிறான் அந்தப் பசையை.

ஷீட்டைப் புரட்டினாள்.

காணாமல் போன பேனர். அதில் பெரிதாக அவள் முகமே சிரித்துக்கொண்டிருந்தது. முகத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: 'உங்கள் வீட்டுக்குள் புகையை விடாதீர்கள்.'